28 பேரை விடுங்கள், மீதி பதினோராயிரம் பேர் எங்கே? (சோவியத் 316வது டிவிஷன்)

அரைக்கிணறு

ஒரு சந்தேகம், விவரம் தெரிந்தவர்கள் தீர்த்துவைக்கவும். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். வழவழ தாள், நோட்டுக்கு அட்டை போட அதைத்தான் கிழிப்போம். அப்பா படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவர் அடிக்கடி சொன்ன கதை, மாஸ்கோ வாசலில் 28 பேர் நின்று ஜெர்மன் டாங்கிகளை மறித்து, எல்லோருமே செத்துப்போனது. இப்போது தேடினால் அது பத்திரிகைக்காரன் கட்டியது, நடக்கவே இல்லை என்று ஒரு கூட்டமும், சொல்பவனெல்லாம் துரோகி என்று ஒரு கூட்டமும் அடித்துக்கொள்கிறது. 2016இல் படம் வேறு எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் பன்ஃபிலோவ், அந்த டிவிஷன், எல்லாமே புருடாதானா?

மொட்டைமாடி

பாப்கார்னுடன் உட்கார்ந்துவிட்டேன்.

பழையபேப்பர்

டிவிஷன் நிஜம், பன்ஃபிலோவ் நிஜம், சண்டை நிஜம். 28 என்ற எண்தான் பொய். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் இவ்வளவு குழப்பம்.

அடியிலிருந்து வருகிறேன். 1941 ஜூன் 22 ஜெர்மனி உள்ளே நுழைகிறது. மூன்றே வாரத்தில், ஜூலை நடுவில், கஜகஸ்தானின் அல்மா-அத்தாவில் 316வது காலாட்படை டிவிஷனைத் திரட்டத் தொடங்குகிறார்கள். 1073, 1075, 1077 என்று மூன்று ரெஜிமென்ட், 857வது பீரங்கி ரெஜிமென்ட். ஆட்கள் கஜக், கிர்கிஸ், அங்கே குடியேறியிருந்த ரஷ்யர்கள், உக்ரேனியர்கள். பெரும்பாலானவர்கள் ஊரில் வேலைவெட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், முன்னால் துப்பாக்கிச் சத்தமே கேட்டிராதவர்கள். தளபதி மேஜர் ஜெனரல் இவான் பன்ஃபிலோவ். அதற்கு முன் கிர்கிஸ்தானின் ராணுவக் கமிசார், அதாவது ஆள் சேர்க்கும் அலுவலகத்தின் தலைமை. முதல் உலகப்போரில் ஜார் படையில் இருந்தவர், உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற செஞ்சேனைத் தளபதி சப்பாயெவின் டிவிஷனில் இருந்தவர். வயது 48. பையன்கள் அவரை 'பாத்யா' என்பார்களாம், நம் பக்கத்தில் 'ஐயா' என்பது மாதிரி. அவருடைய மகள் வலெந்தினா அதே டிவிஷனின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார்.

ஒரு மாதப் பயிற்சி, ஆகஸ்டில் ரயில். முதலில் லெனின்கிராட் பக்கம், நோவ்கொரோத் வட்டாரத்தில் இரண்டாம் வரிசையில் வைக்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் வியாஸ்மாவில் ஜெர்மன்காரர்கள் பல சோவியத் படைகளை ஒரே வளையத்தில் சுற்றிப் பிடித்துவிட, மாஸ்கோவுக்குப் போகும் சாலைகளில் ஆளே இல்லை. கையில் கிடைத்த டிவிஷனையெல்லாம் ரயிலேற்றி அங்கே அனுப்புகிறார்கள். 316 போய் இறங்கிய இடம் வொலொகொலாம்ஸ்க், ரொக்கோசோவ்ஸ்கியின் 16வது ஆர்மியின் கீழ். இப்படி ஆளும் சாமானும் முழுசாக உள்ள டிவிஷனைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்ற பொருளில் பின்னால் எழுதினார் அவர். பதினோராயிரத்துக்கு மேல் ஆட்கள்.

அவர்களுக்குக் கொடுத்த முன்வரிசை 41 கிலோமீட்டர்.

சுபேதார்\_ஓய்வு

அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சர்வீஸில் இருந்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். தற்காப்புக்கு நிற்கும் ஒரு டிவிஷனுக்கு அன்றைய சோவியத் விதிப்புத்தகம் வகுத்தது 8 முதல் 12 கிலோமீட்டர். இவர்களுக்கு 41. ஒரு டிவிஷனில் ஒன்பது பட்டாலியன், ஒன்பதையும் ஒரே வரிசையில் நிறுத்தினாலும் (யாரும் அப்படி நிறுத்த மாட்டார்கள், பின்னால் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும்) ஒரு பட்டாலியனுக்கு நாலரை கிலோமீட்டர். பட்டாலியனில் மூன்று கம்பெனி, ஒரு கம்பெனிக்கு ஒன்றரை. கம்பெனியில் 120 பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டரை மீட்டர். சமையல்காரன், தூதன், காயம்பட்டவன் எல்லாரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ராத்திரி, மழை, பக்கத்துக் குழியில் இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கூப்பிட்டால் எதிரிக்கும் கேட்கும். வேலி என்று சொல்ல முடியாது இதை. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி.

ஆகவே வரிசையாக நிற்பது என்ற பேச்சே கிடையாது. அவர் வேறு ஏதோ செய்திருக்க வேண்டும். என்ன செய்தார் என்று பழையபேப்பர் சார் சொல்லட்டும், அதுதான் எனக்கு வேண்டும். 28 பேர் விவகாரமெல்லாம் அப்புறம்.

பழையபேப்பர்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் சுபேதார் சார்.

அக்டோபர் என்றால் அங்கே சேறு. மழையும் முதல் பனியும் கலந்து வயல், மண்பாதை எல்லாம் களியாகிவிடும். டாங்கி ஓரளவுக்கு இழுக்கும், ஆனால் அதற்கு எண்ணெயும் குண்டும் கொண்டுவரும் லாரி நகராது. அதனால் ஜெர்மன்காரர்கள் நல்ல சாலையை விட்டு இறங்க முடியாது. பன்ஃபிலோவ் இதைப் பிடித்துக்கொண்டார். 41 கிலோமீட்டரையும் காப்பது நடக்காத காரியம், சாலைகளைக் காத்தால் போதும். டாங்கி வரக்கூடிய முனைகளில் பீரங்கிகளைக் கூட்டி வைத்தார், நடுவில் உள்ள காட்டையும் சதுப்பையும் கிட்டத்தட்ட அப்படியே விட்டார். தன் கையில் சின்னச் சின்ன நகரும் குழுக்களை வைத்துக்கொண்டார்.

அந்தக் குழுக்களின் வேலை இப்படி. சாலையோரக் காட்டில் ஒரு பிளட்டூன், அதாவது கம்பெனியின் ஒரு சின்னப் பிரிவு, படுத்திருக்கும். ஜெர்மன் வரிசை நெருங்கியதும் முன் லாரியைச் சுடும். பின்னால் வருபவை நிற்கும், ஆட்கள் குதித்து இறங்குவார்கள், எதிரில் எத்தனை பேர் என்று தெரியாது, பீரங்கியைக் கழற்றி நிலை நிறுத்துவார்கள், சேற்றில் சுற்றி வளைக்க ஒரு கம்பெனியை அனுப்புவார்கள். அந்தக் கம்பெனி வந்து சேரும்போது காடு காலியாக இருக்கும். பிளட்டூன் உள்பாதை வழியே ஓடிப்போய் அதே சாலையில் இன்னும் உள்ளே தள்ளிப் படுத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. சாலையை விட்டு விலகி, சுழன்று, மறுபடி சாலைக்கு வருவதால் இதைச் சுருள் என்பார்கள். கொன்ற ஆள்கணக்கு பெரிதாக இருக்காது. ஜெர்மன்காரர்களிடமிருந்து பறித்தது மணிநேரம்.

இதை நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் 1073வது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் தலைவர், பவுர்ஜான் மொமிஷுலி, கஜக், வயது முப்பது. அலெக்சாந்தர் பெக் எழுதிய 'வொலொகொலாம்ஸ்க் நெடுஞ்சாலை'யின் நாயகன் இவர்தான். அவருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவே இல்லை என்பது தனிக்கதை.

அக்டோபர் நடுவில் பொலிச்செவோ அரசுப் பண்ணை இருந்த இடது முனையில் அடி விழத் தொடங்கியது. 27ஆம் தேதிதான் வொலொகொலாம்ஸ்க் விழுந்தது. விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, ஊரை ஏன் விட்டீர்கள் என்று மேலிடம் ரொக்கோசோவ்ஸ்கியையும் பன்ஃபிலோவையும் குடைந்தெடுத்தது. ஆனால் கணக்குப் பாருங்கள், ஒரு மாதப் பயிற்சி எடுத்த டிவிஷன், மூன்று மடங்குக்கும் மேலான நீளம், எதிரில் டாங்கிப் படை, பத்துப் பன்னிரண்டு நாள். என்னைக் கேட்டால் இந்த டிவிஷனின் பெரிய சாதனை இந்த அக்டோபர்தான். நவம்பர் 16 இல்லை.

கொடிமுல்லை

நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு கேள்வி. சேறுதான் காரணம் என்றால் பாராட்டை மழைக்குக் கொடுக்க வேண்டியதுதானே, தளபதிக்கு எதற்கு?

சுபேதார்\_ஓய்வு

மழை ரெண்டு பக்கமும்தானே பெய்தது அம்மா. அவர் பீரங்கிகளும் அதே சேற்றில்தான் குதிரை கட்டி இழுத்தன.

பழையபேப்பர்

அதோடு, நவம்பரில் அந்த உதவியும் போய்விட்டது. பனி இறுகியதும் நிலம் கல்லாகிவிட்டது, டாங்கி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதுதான் நவம்பர் 16. சேற்றை வைத்துச் செய்த வித்தை இனி பலிக்காது. 28 பேர் கதை நடந்ததாகச் சொல்லப்படும் நாளும் அதுதான்.

செவ்வானம்

இழையை இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். 'புருடா', 'பத்திரிகைக்காரன் கட்டியது' என்ற சொற்கள் கஷ்டமாக இருக்கின்றன தோழர்களே. அந்த மக்கள் இரண்டு கோடிக்கும் மேல் உயிரைக் கொடுத்து நாஜிகளை ஒழித்தார்கள். 28 என்றால் என்ன, 128 என்றால் என்ன? போர் நடக்கும்போது மக்களுக்குத் தெம்பு வேண்டும், ஒரு பத்திரிகை அதைக் கொடுத்தது. இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு தலையை எண்ணுவது சுலபம்.

பழையபேப்பர்

//28 என்றால் என்ன, 128 என்றால் என்ன?//

தோழர், செத்தவர்களின் குடும்பத்துக்கு அது ரொம்ப முக்கியம். இந்தக் கதையை உடைத்தது யாரோ அமெரிக்கக்காரன் இல்லை. சோவியத் ராணுவத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம், 1948இல், ஸ்டாலின் உயிரோடு இருந்தபோதே. அந்த அறிக்கையை மூடி வைத்தார்கள், 2015இல் ரஷ்ய அரசு ஆவணக்காப்பகம் முழுசாக இணையத்தில் போட்டது. கலாசார அமைச்சர் கோபித்துக்கொண்டார், அடுத்த ஆண்டு காப்பக இயக்குநர் அந்தப் பதவியில் இல்லை.

விசாரணை தொடங்கிய விதமே வேடிக்கை. 1947இல் கார்கோவில் ஒருவரைத் தேசத்துரோகத்துக்காகப் பிடிக்கிறார்கள். பெயர் இவான் தொப்ரொபாபின். ஜெர்மன்காரர்களிடம் கைதியாகி, அப்புறம் தன் சொந்த ஊரில் அவர்கள் கீழேயே போலீஸ் தலைவராக இருந்தவர். வீட்டைச் சோதித்தால் 28 வீரர்களைப் பற்றிய புத்தகம் கிடைக்கிறது, அதில் செத்துப்போன மாவீரர் பட்டியலில் இவர் பெயர்! இறந்தபின் கொடுத்த 'சோவியத் யூனியன் வீரர்' என்ற உயரிய பட்டம் இவருக்கும் உண்டு.

அப்புறம் நூல் பிடித்துப் போகிறார்கள். 'செந்நட்சத்திரம்' என்ற ராணுவ நாளிதழின் நிருபர் கொரொத்தேயெவ் நவம்பர் கடைசியில் முன்னணிக்குப் போகிறார், ரெஜிமென்ட் வரைக்கும்கூட இல்லை, டிவிஷன் கமிசார் (இங்கே படையோடு இருக்கும் அரசியல் அதிகாரி) வாயால் ஒரு கம்பெனியின் சண்டையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். ஆசிரியர் ஓர்த்தென்பெர்க் கேட்கிறார், கம்பெனியில் எத்தனை பேர்? அடிபட்டுப்போன கம்பெனிதானே, முப்பது நாற்பது இருக்கும். அதில் இரண்டு பேர் கையைத் தூக்கினார்களாம். சரி, முப்பதில் இரண்டு போனால் 28. துரோகி இரண்டு பேர் என்று போட்டால் நன்றாக இருக்காது, ஒருத்தன் என்று போடு. இவ்வளவுதான் 28 பிறந்த கதை. க்ரிவித்ஸ்கி என்பவர் உட்கார்ந்து தலையங்கம் எழுதினார், நவம்பர் 28 இதழில் வந்தது.

'ரஷ்யா பெரிய நாடுதான், பின்வாங்க இடமில்லை, பின்னால் மாஸ்கோ' என்று அரசியல் அதிகாரி க்ளோச்கோவ் சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டே, அதுவும் தான் எழுதியதுதான் என்று க்ரிவித்ஸ்கி விசாரணையில் ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றால் யார் வந்து சொன்னது என்று எவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

மொட்டைமாடி

நம்ம ஊர் டீக்கடையாக இருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பான்.

அரைக்கிணறு

எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, பெயர்களை அப்புறம் தேடினார்களா?

பழையபேப்பர்

அதேதான் தம்பி. பெயர் வேண்டும் என்றதும், கம்பெனித் தலைவர் குந்திலோவிச் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். 1942 ஜனவரியில் பட்டியல் அச்சானது. ஏப்ரலில் குந்திலோவிச்சும் செத்துப்போனார். ஜூலையில் 28 பேருக்கும் வீரர் பட்டம். அப்புறம்தான் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஷெம்யாகின், வசீலியெவ் இருவரும் காயத்தோடு மருத்துவமனையில் இருந்திருக்கிறார்கள். ஷாத்ரின், திமொஃபெயெவ் கைதிகளாகப் போயிருக்கிறார்கள்.

கொடிமுல்லை

நான் இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ரஷ்யச் சண்டையில் கஜக் ஆள் காணாமல் போய்விடுகிறார். முதல் பட்டியலில் தனியில் கொஜாபெர்கெனவ் என்று ஒரு பெயர் இருந்தது. க்ளோச்கோவின் தூதராக இருந்தவர். அவர் சாகவில்லை. ஜெர்மன்காரர்களிடம் மாட்டி, சில மணிநேரத்தில் தப்பி, காட்டில் அலைந்து சோவியத் தளபதி தொவாத்தொரின் குதிரைப்படையோடு சேர்ந்துகொண்டார். 1942 மே மாதம் சரணடைந்த குற்றத்துக்காக அவரைக் கைது செய்கிறார்கள். இப்போது பட்டியலில் ஒரு கொஜாபெர்கெனவ் குறைகிறார். என்ன செய்தார்கள் தெரியுமா? அஸ்கர் கொஜாபெர்கெனவ் என்று வேறொருவர் பெயரைப் போட்டு அரசாணை வந்தது. அந்த அஸ்கர் டிவிஷனுக்கு வந்து சேர்ந்ததே 1942 ஜனவரியில்! உயிரோடு இருந்தவரைக் குற்றவாளியாக்கி, அங்கே இல்லாதவரை மாவீரராக்கினார்கள். செவ்வானம் தோழர், இது எந்தத் தெம்புக்கு?

இன்னொன்று, மொமிஷுலிக்கு வீரர் பட்டத்துக்கு எழுதிப் போட்டார்கள், கிடைக்கவில்லை. 1990 டிசம்பரில்தான் கொடுத்தார்கள், அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து.

செவ்வானம்

கொஜாபெர்கெனவ் விஷயம் எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரைக்கிணறு கேட்ட கேள்விக்கு நீங்கள் யாருமே இன்னும் பதில் சொல்லவில்லை. 28 பேர் நின்றதாகச் சொல்லும் இடமான துபொசெகோவோவில் நவம்பர் 16ஆம் தேதி சண்டை நடந்ததா இல்லையா?

பழையபேப்பர்

நியாயமான கேள்வி. நடந்தது. அதே அறிக்கையில் இருக்கிறது, ஆனால் பாதி அறிக்கையை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புபவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

1075வது ரெஜிமென்டின் தளபதி காப்ரோவ் சொன்ன சாட்சி. 28 பேர் சண்டை என்று ஒன்று கிடையாது, முழுக் கற்பனை என்று அடித்துச் சொல்கிறார். அதே மூச்சில், அன்றைக்கு இரண்டாம் பட்டாலியனோடு சேர்ந்து 4வது கம்பெனி டாங்கிகளோடு உண்மையிலேயே வீரமாகச் சண்டையிட்டது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்கிறார். கம்பெனியில் இருந்தது 120 முதல் 140 பேர். காலையில் பட்டாலியன் பகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு டாங்கி வந்தது, ஐந்தாறை அடித்தார்கள், திரும்பிப் போய்விட்டன. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குப் பீரங்கியால் அரைத்துவிட்டு மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை ரெஜிமென்ட் பகுதி முழுக்க ஐம்பதுக்கும் மேல். ஒரு டாங்கி காப்ரோவின் கட்டளை நிலையம் வரைக்கும் வந்து அங்கிருந்த வைக்கோலையும் குடிசையையும் கொளுத்திவிட்டது. அவர் பதுங்கறையிலிருந்து எப்படியோ வெளியே வந்து ரயில் பாதை மேட்டுக்குப் பின்னால் ஒளிந்து தப்பினார். அந்த மேட்டடியில் உயிர் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 4வது கம்பெனியில் குந்திலோவிச்சோடு மிஞ்சியது இருபது இருபத்தைந்து பேர்.

பின்வாங்கியதற்காகக் காப்ரோவையும் அவர் கமிசாரையும் முதலில் பதவியிலிருந்து தூக்கினார்கள், அப்புறம் திருப்பிக் கொடுத்தார்கள். பத்திரிகை அவர்களைக் கொண்டாடியபோது இது எங்கும் வரவில்லை.

இடத்தை ஜெர்மன்காரர்கள் பிடித்தார்கள். டிசம்பரில் செஞ்சேனை திரும்பி வந்தபோதும் பக்கத்து ஊரான நெலிதொவோ ஜனங்களால் உடல்களை எடுக்க முடியவில்லை. அவ்வளவு பனி. பிப்ரவரி தொடக்கத்தில் மூன்றுதான் கிடைத்தது. மார்ச்சில் பனி உருகத் தொடங்கியபின் படைவீரர்கள் இன்னும் மூன்றைக் கொண்டுவந்தார்கள், அதில் ஒன்று க்ளோச்கோவ். ஆக, அங்கே புதைத்தது ஆறு பேரை.

சுபேதார்\_ஓய்வு

140இல் 25. இதற்கு மேல் என்ன அலங்காரம் வேண்டும் என்று அந்தப் பத்திரிகைக்காரர் நினைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. நூறு பேர் செத்ததை 28 ஆகக் குறைத்தால் வீரம் கூடுமா?

பழையபேப்பர்

அதனால் மூடிப்போனவர்கள் வேறு. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 18, ஸ்த்ரோகோவோ என்ற ஊரில் ஜூனியர் லெப்டினன்ட் ஃபிர்ஸ்தோவின் கீழ் 11 சாப்பர்கள். கண்ணி புதைக்கும் ஆட்கள். ரெஜிமென்ட் பின்வாங்கும்வரை டாங்கிகளை மறிக்கச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். பதினொரு பேரும் அங்கேயே முடிந்தார்கள். இதே டிவிஷன்தான். எண்ணும் சரி, இடமும் சரி. ஆனால் யாரைக் கேட்டாலும் 28தான் தெரியும்.

அதே 18ஆம் தேதி குசெனெவோ கிராமத்தில் மோர்ட்டார் குண்டின் சிதறல் பட்டு பன்ஃபிலோவ் இறந்தார். அதே நாளில்தான் டிவிஷனுக்கு காவல்படை அந்தஸ்து, அதாவது நன்றாகச் சண்டையிட்ட படைக்குக் கொடுக்கும் கௌரவம், கிடைத்தது, 316 என்ற எண் போய் 8வது காவல்படை டிவிஷன் ஆனது. 23ஆம் தேதி அவர் பெயரையும் சூட்டினார்கள்.

அரைக்கிணறு

அப்புறம்? போர் இன்னும் மூன்றரை வருஷம் இருக்கிறதே.

பழையபேப்பர்

சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் க்ரியுகோவோ ரயில் நிலையம், மாஸ்கோவிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஊர் பல தடவை கை மாறியது, 8ஆம் தேதி கடைசியாக மீட்டார்கள். அங்கே 1073வது ரெஜிமென்டை நடத்தியது மொமிஷுலி. 1942 ஜனவரிக்குப் பிறகு வடமேற்கே கோல்ம் வட்டாரம், இரண்டு வருஷம் சதுப்பு, காடு, பெரிய செய்தியே வராத சண்டை. 1944 ஜூலை 27 லாத்வியாவில் ரெஜெக்னே நகரை மீட்டதில் பங்கு. 1945இல் லாத்வியாவின் மேற்கே கூர்லாந்தில் போர் முடிந்தது. பின்னாளில் ஃப்ரூன்சேவுக்கு, இன்றைய பிஷ்கெக்குக்கு மாற்றினார்கள், சோவியத் உடைந்ததும் கிர்கிஸ்தானிடம் போனது.

கொடிமுல்லை

க்ரியுகோவோ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாஸ்கோ கிரெம்ளின் மதிலோரம் பெயர் தெரியாத வீரரின் சமாதி இருக்கிறதே, அணையா விளக்கோடு. அதில் இருப்பவரை 1966 டிசம்பரில் இந்த க்ரியுகோவோ பக்கத்துப் பொதுக்குழி ஒன்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள். லெனின்கிராட் நெடுஞ்சாலையின் 41வது கிலோமீட்டர்.

சுபேதார்\_ஓய்வு

மறுபடியும் 41ஆ!

அரைக்கிணறு

அவர் இந்த டிவிஷன்காரரா?

கொடிமுல்லை

அங்கே சண்டையிட்டது இது ஒன்று மட்டும் இல்லை, இன்னும் சில டிவிஷன்கள் இருந்தன. பெயர் வாசிக்க முடிந்த ஆளாக இருந்தால் அவரை எடுத்திருக்கவே மாட்டார்கள்.